செவ்வாய்க்கிழமைச் சிவப்பு

இரண்டு வாரமாகத் தங்கராஜு தன் வீட்டுச் சோற்றைத் தின்னவில்லை. காலையில் புளோக்குக்குக் கீழே இருக்கிற காப்பிக் கடையில் ரெண்டு பரோட்டா, பால் விடாத ஒரு கோப்பி ஓ. மத்தியானம் அதே கடையில் மீ கோரெங் நூடுல்ஸ். ராத்திரிக்கு ரொட்டியும் வாழைப்பழமும். மருமகள் கவிப்ரியா தினமும் அவருக்கென்று ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பாள். மறுநாள் அவளே எடுத்துக் கொட்டுவாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒருத்தரை ஒருத்தர் ஏன் என்று கேட்பதில்லை. கேட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

மகன் ஷங்கர் போய் மூன்று மாதம். முப்பத்தெட்டு வயசு. பாசிர் பாஞ்சாங் மொத்த மார்க்கெட்டில் விடிகாலையில் ஒரு வெங்காய மூட்டையைத் தூக்கி லாரியில் வைத்தான், இன்னொன்றுக்குக் குனிந்தான், எழுந்திருக்கவில்லை. நெஞ்சுக் குழாய் அடைப்பு என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். ஆள் செத்த பிறகு டாக்டர்கள் நன்றாகத்தான் விளக்குவார்கள். தங்கராஜு கேட்டுக்கொண்டிருந்தார். மண்டாய்ச் சுடுகாட்டில் எரித்தபோதும் சும்மா நின்றார். சொந்தக்காரர்கள் அவர் அழுவார் என்று பார்த்தார்கள். அழுகை வரவில்லை. வராததை எங்கே போய் வாங்குவது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கவிப்ரியா லாரிச் சாவியை எடுத்துக்கொண்டாள். பத்தடி லாரி, ஆட்டோ கியர். தேக்கா மார்க்கெட் நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி போகிறது என்று ஷங்கர் அதைத் தேடி வாங்கினான். கிளட்ச் இல்லாத வண்டி ஒரு வண்டியா என்று தங்கராஜு அன்றைக்கே சொன்னார். செம்பவாங் கப்பல் டாக்யார்டில் முப்பத்தோரு வருசம் ஃபிட்டராக இருந்தவர். தானாகக் கியர் மாற்றிக்கொள்கிற எதையும் அவர் நம்புவதில்லை. ஆனால் கவிப்ரியாவின் லைசென்ஸ் ஆட்டோ கியருக்கு மட்டும்தான். இந்த வண்டியை விட்டால் அவளுக்கு ஓட்ட வேறு லாரி இல்லை. விடிகாலை மூன்றுக்குக் கிளம்பி, பாசிர் பாஞ்சாங்கில் முருங்கைக்காய், கத்தரி, வாழையிலைக் கட்டு எல்லாம் ஏற்றி, தேக்கா மார்க்கெட்டில் மூன்று கடைக்கு இறக்குவாள். எட்டு வயசு மகள் நிரஞ்சனாவைத் தாத்தா எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவார். அப்படியே வீடு ஓடியது. நல்லாருக்கு என்றும் அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆயுத பூசைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில்தான் அவர் அதைப் பார்த்தார். நாலாவது மாடி நடைபாதையில் நின்று பல் குச்சியைக் கடித்துக்கொண்டு கீழே கார் பார்க்கைப் பார்த்தார். லாரி போய்விட்டிருந்தது. காலியான இடத்தில், முன்பக்கமாக, ஒரு முறத்தளவு சிவப்பு. பக்கத்து இடத்தில், அதே புளோக்கில் இருக்கிற அர்ஜுன் தன்னுடைய வேனுக்கு முதல் நாள் பூசை போட்டிருந்தான். குங்குமம் தடவிய பூசணிக்காய்ச் சிதறல், நசுங்கிய எலுமிச்சம்பழம். அது அர்ஜுன் இடத்தில். இந்தச் சிவப்பு தன் மகன் வண்டி நிற்கிற இடத்தில்.

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணி. பார்த்தவுடன் அவர் முடிவு கட்டிவிட்டார். மகன் போய் வருஷம் திரும்பவில்லை. வீட்டில் விளக்குத் திரி கூடப் பெரிதாகத் தூண்டக் கூடாது. இவள் வண்டிக்கு ஆரத்தி சுற்றியிருக்கிறாள். அர்ஜுன் செய்ததைப் பார்த்துத் தானும் செய்திருக்கிறாள். புருசன் செத்த வண்டி என்கிற நினைப்பு கூட இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையிலும் சிவப்பு. நடுவில் மழை பெய்து கழுவிவிட்டது, துப்புரவு ஆளும் தண்ணீர் அடித்தார். அதற்கடுத்த செவ்வாய் மறுபடி புதுசாக. திருஷ்டி கழிக்கிற நாள் செவ்வாய்தானே. கணக்கு சரியாகப் போயிற்று அவருக்கு. திங்கட்கிழமை தேக்காவில் பாதிக் கடை மூடியிருக்கும், லாரி அன்றைக்கு நாள் பூராவும் அதே இடத்தில் நிற்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. படி இறங்கிப் போய்க் குனிந்து ஒரு விரலால் தொட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நாலு மாடி இறங்கச் சோம்பல் இல்லை அவருக்கு. தெரிந்த விஷயத்தைத் தொட்டுப் பார்ப்பானேன் என்கிற திமிர்.

மூன்றாவது செவ்வாய் சாயங்காலம் அவர் சொன்னார்.

"வண்டியை வித்துடலாம்னு இருக்கேன். புரோக்கர் உமாசுதன் இருக்கான்ல, அவன்கிட்ட பேசிட்டேன்."

வண்டி அவர் பெயரில் இருந்தது. கவிப்ரியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"சரி மாமா."

கொஞ்ச நேரம் கழித்து, "டிசம்பர்ல ஸ்கூல் லீவு விட்டதும் நானும் பாப்பாவும் ஜொகூர்ல அம்மா வீட்டுக்குப் போயிடுறோம்" என்றாள்.

"சரி" என்றார் அவர்.

அவ்வளவுதான். ஒரு குடும்பம் இரண்டு சரியில் முடிந்துபோனது.

மறுநாள் புதன்கிழமை, காலை ஆறரைக்கு அவள் போன் வந்தது.

"மாமா, வண்டி ஜாலான் புசார்ல நின்னுடுச்சு. என்ஜின் ஓடுது. முன்னாடி போக D கியர் போட்டா நகர மாட்டேங்குது."

"ரிவர்ஸ் R?"

"அதுவும் இல்ல. எதைப் போட்டாலும் சும்மா கத்துது."

நிரஞ்சனாவைப் பள்ளியில் விட்டுவிட்டு ரயில் பிடித்துப் போனார். பழைய இரும்புச் சாமான் கடை வரிசைக்கு முன்னால் லாரி இரண்டு பக்கமும் விளக்கு மின்ன நின்றது. தீபாவளிக்கு ஐந்து நாள். தேக்கா பக்கம் தெருவுக்குக் குறுக்கே கட்டிய அலங்கார விளக்கெல்லாம் பகலில் செத்துத் தொங்கியது. மூன்று கடைக்காரர்களும் தள்ளுவண்டியோடு ஓடி வந்து காய்கறியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இலை வாடினால் நாசம், தீபாவளி நேரம். கவிப்ரியா கட்டுக்களைத் தோளில் போட்டு இறக்கினாள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீ சரக்கோட போ. நான் வண்டியை மெக்கானிக் இர்ஃபான்கிட்ட இழுத்துட்டுப் போறேன்" என்றார்.

இழுவை வண்டி வந்து லாரியின் மூக்கைத் தூக்கிக்கொண்டு சுங்கை காடுட் வரைக்கும் போயிற்று. முன்சீட்டில் இழுவைக்காரன் பக்கத்தில் தங்கராஜு உட்கார்ந்திருந்தார். அவன் எதைஎதையோ பேசினான். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு உமாசுதன் வண்டி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் நகர்ந்தால் போதும் என்பதுதான் அவருடைய கவலை. விற்கிற வண்டிக்கு அதற்கு மேல் என்ன கவலை?

இர்ஃபான் பட்டறை, மரக்கடைகளுக்கு நடுவில், தகரக் கூரை போட்டது. நாற்பத்தைந்து வயசிருக்கும் அவனுக்கு. ஷங்கர் எப்போதும் அவனிடம்தான் விடுவான். பக்கத்துச் சீட்டைத் தூக்கிவிட்டு, அடியில் இருக்கிற கியர் எண்ணெய் அளவுக் கம்பியை உருவினான். நுனி காய்ந்திருந்தது.

"எத்தனை நாளா ஒழுகுது அங்கிள்?"

"ஒழுகல."

"ஒழுகலன்னா?"

"தரையில ஒரு சொட்டு எண்ணெய் நான் பார்த்ததில்ல. முப்பத்தோரு வருசம் டாக்யார்டுல எண்ணெயில குளிச்சவன். எனக்குத் தெரியாதா?"

"பாதிக்கு மேல காணோம் லா. தரையிலயும் விழலன்னா எங்க போச்சு? கோப்பியில ஊத்திக் குடிச்சீங்களா?"

"போன தடவை மாத்தும்போதே நீ கொறைச்சு ஊத்தியிருப்ப."

இர்ஃபானுக்குக் கோபம் வரவில்லை. இந்த மாதிரி ஆட்களை அவன் தினமும் பார்க்கிறவன். "ஆமா அங்கிள், மிச்சத்துல நான் வடை சுட்டேன்" என்று சொல்லிவிட்டு லாரியை லிஃப்டில் மேலே ஏற்றினான்.

அடியில் கியர்பாக்ஸ் முழுக்க நனைந்து, ரோட்டு அழுக்கோடு சேர்ந்து தார் மாதிரி கறுத்துப்போயிருந்தது. அடித்தட்டு விளிம்பில் சொட்டு திரண்டு நின்றது.

"பார்த்தியா?" என்றார் தங்கராஜு. "அடித்தட்டு கேஸ்கெட் போயிருக்கு. போல்ட்டை ரெண்டு சுத்து இறுக்கிவிடு, போதும். சாயங்காலம் ஆள் வர்றான்."

"இறுக்கிவிடலாம். நாளைக்கு மறுபடி ஜாலான் புசார்ல நிக்கும். நனைஞ்ச எடம் வேற, ஓட்டை வேற அங்கிள்."

"எனக்கே சொல்றியா?"

"வண்டி ஓடும்போது காத்து எண்ணெயைப் பின்னாடி தள்ளிக்கிட்டே போகும். முன்னாடி ஓட்டை இருந்தாலும் பின்னாடிதான் ஈரம். எல்லாத்தையும் கழுவணும். கழுவிட்டு ஓடவிட்டுப் பார்க்கணும்."

"கழுவுறதுக்கு ஒரு காசு, பார்க்கிறதுக்கு ஒரு காசு."

"சும்மா நிக்கிறீங்கள்ல, அதுக்குக் காசு இல்ல. நில்லுங்க."

மருந்து தெளித்து, அழுத்தத் தண்ணி அடித்து, காற்று ஊதி, துணியால் துடைத்தான். கறுப்பெல்லாம் போய் அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. வெளியே மேகம் கட்டி, அக்டோபர் மழை திடீரென்று இறங்கியது. தகரக் கூரையில் அடித்த அடியில் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்கவில்லை. வாசல் வழியாகத் தண்ணி சிமென்ட் தரையில் ஓடி வந்தது.

இர்ஃபான் புது எண்ணெயோடு ஏதோ ஒரு சாயத்தைக் கலந்து ஊற்றி, என்ஜினைப் போட்டுச் சூடாகவிட்டான். பிறகு நீல வெளிச்சம் அடிக்கிற சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனான். சாயம் பட்ட இடம் அந்த வெளிச்சத்தில் பச்சையாக மின்னும் என்றான். இது என்ன திருவிழா வேடிக்கை, வெளிச்சம் காட்டி ஏமாற்றுகிறானோ என்று தங்கராஜுவும் கூடவே தலையை நீட்டினார். அடித்தட்டு மின்னவில்லை. முன் சீல் மின்னவில்லை. பின் சீல் மின்னவில்லை. எண்ணெயைக் குளிர வைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாய் ஒன்று, வண்டிச் சட்டமான சேஸ் ஓரத்தில் உரசுகிற இடத்தில், ஊசி முனையளவு பச்சை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கோடாக நீண்டது.

"அங்க!" என்றான் இர்ஃபான். "ஆறிப்போனா மூடிக்கும். சூடேறி அழுத்தம் வந்தா திறக்கும். அதான் ஒரேயடியா கொட்டல. ஒவ்வொரு ஓட்டத்துலயும் கொஞ்சம், வந்து நின்ன பிறகு கீழ கொஞ்சம்."

குழாயைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் அங்கே இல்லை. நீல ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, ஒரு சொருகல், வாலைத் திருப்பி உள்ளே விட்ட முடிச்சு. வாழையிலைக் கட்டுக்கு ஷங்கர் போடுகிற முடிச்சு.

"யார் கட்டினது?" என்றான் இர்ஃபான்.

"தெரியல" என்றார் தங்கராஜு. தெரிந்தது.

"கிளிப் உடைஞ்சிருக்கும், அவசரத்துக்குக் கட்டியிருக்காங்க. கயிறு நல்லாத்தான் புடிச்சிருக்கு. ஆனா ரப்பர் ஆடி ஆடித் தேஞ்சிருச்சு." கட்டரை வைத்து ஒரே வெட்டு. கயிறு குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. தங்கராஜு தொட்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

இர்ஃபான் குழாயைக் கழற்றினான். தட்டு வைத்தும் கொஞ்சம் தப்பித் தரையில் ஊற்றியது. மழைத் தண்ணியில் விழுந்த எண்ணெய் விரிந்து போயிற்று. சிவப்பாக. ஒரு முறத்தளவு.

தங்கராஜு பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது என்ன?"

"கியர் ஆயில்."

"சிவப்பா இருக்கு."

"ஆட்டோவுக்குச் சிவப்புதான் அங்கிள். என்ஜின் ஆயிலோட மாறிடக் கூடாதுன்னு சாயம் போட்டே விக்கிறான். நீங்க டாக்யார்டுல பார்த்தது தேன் கலர்ல இருக்கும், நாத்தம் புடிச்சது. அது வேற."

அவர் மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு விரலால் தொட்டார். வழுவழுவென்றிருந்தது. கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். சந்தேகத்துக்கு இடமில்லை.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்திருந்தது. கடித்தாலும் தெரியாது, ஆனால் அங்கே எதையோ பிடுங்குகிறார்கள் என்பது மட்டும் தெரியும். மூன்று செவ்வாய்க்கிழமை என்று நினைத்தார். பதினைந்து தட்டு சோறு.

"அங்கிள், எழுந்திரிங்க, வழுக்கும்" என்றான் இர்ஃபான்.

புதுக் குழாய் வரச் சொல்லி இர்ஃபான் போன் போட்டான். சாமான் வர நேரமாகும் என்றார்கள். ரெண்டு மணிக்கு மழை விட்டபோது கவிப்ரியா வந்தாள். கையில் தேக்காவில் கட்டிய பொட்டலம். தலை ஈரம்.

"சரக்கு?" என்றார்.

"எல்லாம் இறக்கியாச்சு. இலை மட்டும் ரெண்டு கட்டு ஓரம் கருகிடுச்சு. கடைக்காரர் பரவால்லன்னுட்டார்." பொட்டலத்தை அவர் பக்கத்தில் டயர் மேல் வைத்தாள். "கடைச் சோறு மாமா. நான் ஆக்கினது இல்ல. சாப்பிடலாம்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பொட்டலத்தைப் பிரித்துப் பாதியைத் தின்றார். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அவள் எதிரில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து பாட்டில் தண்ணி குடித்தாள்.

இர்ஃபான் துணியில் கை துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தான். "ஏம்மா, மேட்டுல ஏறும்போது வண்டி இழுக்காம கத்தலையா?"

"கத்துச்சு."

"D போட்டா உடனே புடிச்சுதா?"

"இல்ல. ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுவேன். அப்புறம் டக்குனு புடிக்கும்."

"எண்ணுறதுக்கு இது என்ன ராக்கெட்டா? ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா?"

"எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன் அண்ணே. அவர் ஓட்டும்போது அப்படி இருந்ததில்ல."

இர்ஃபான் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு மெதுவாக, "கீழ சிவப்பா பார்த்திருப்பீங்களே?" என்றான்.

"பார்த்தேன்." அவள் பார்வை மாமனார் பக்கம் ஒரு தடவை போய்த் திரும்பியது. "வேற என்னமோன்னு நெனச்சேன்."

தங்கராஜு பொட்டலத்தைச் சுருட்டினார்.

குழாய் வந்தது. மாட்டி, புதுக் கிளிப் போட்டு, சேஸ் ஓரத்தில் உரசாமல் ரப்பர் பட்டை சுற்றினான். லாரியைக் கீழே இறக்கிப் புது எண்ணெய் ஊற்றினான். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு டாக்ஸி வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது.

"அங்கிள், டாக்யார்டு ஆளுதானே, இதை நீங்களே பாருங்க. அவங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஒவ்வொரு கியரா போடட்டும். ஒவ்வொண்ணுலயும் பத்து எண்ணணும். அப்புறம் வண்டி நிறுத்துற P-ல போட்டு, என்ஜின் ஓடும்போதே கம்பியைப் பார்க்கணும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கணும். கொறைஞ்சா அரைக் கிளாஸ் ஊத்துங்க. மேல போகக் கூடாது." சொல்லிவிட்டு டாக்ஸியைப் பார்க்கப் போய்விட்டான்.

கவிப்ரியா ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். தங்கராஜு பக்கத்துக் கதவைத் திறந்து, சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, கையில் கம்பியோடு நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு கை தூரம். என்ஜின் சூட்டில் முகம் எரிந்தது.

"R போடு."

"போட்டுட்டேன்."

பத்து எண்ணினார்கள், அவரவர் மனசுக்குள்.

"N."

"போட்டுட்டேன்."

"D."

வண்டி லேசாகக் குலுங்கிப் பிடித்தது. உடனே. அவள் கைகள் ஸ்டியரிங் மேல் அப்படியே நின்றன.

"எண்ணவே இல்ல மாமா, புடிச்சிருச்சு" என்றாள். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை நீங்க ஆரத்தி சுத்தி ஊத்துறீங்கன்னு நெனச்சேன்."

அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைத்தார்.

"நானா?"

"வருஷம் திரும்பாம செய்யக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு என்னைவிடத் தெரியும். தெரிஞ்சும் மாமா செய்றாரே, உங்க மகன் போன மாதிரி நானும் போயிடக் கூடாதுன்னுதான் செய்றாருன்னு... வாயால கேட்டா உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்னு கேக்கல."

"P-ல போடு."

போட்டாள். அவர் கம்பியைச் சொருகி எடுத்தார். கீழ்க் கோட்டைத் தொடவில்லை. அரைக் கிளாஸ் ஊற்றினார். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார்.

"நீ ஊத்துறேன்னு நான் நெனச்சேன்" என்றார்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையைத் திருப்பினாள்.

"நானா?"

"ஆமா."

"நான் எதுக்கு மாமா ஊத்துறேன்? அவர் போய் மூணு மாசம் கூட..." நிறுத்தினாள். "அதுக்குத்தான் சாப்பிடலையா?"

"ம்."

"வண்டியை விக்கிறதும் அதுக்குத்தானா?"

"ம்."

"உங்க மகன் போனது எனக்கு லேசா இருக்குன்னு நெனச்சீங்க."

அதற்கு ம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொன்னால் பொய். கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"கேட்டிருக்கலாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் டாக்ஸி பக்கம் போய் நின்றிருப்பார். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, முழங்காலைத் தேய்த்துவிட்டு, மறுபடி வைத்தாள். "மறுபடி போடணுமா?"

"போடு. முதல்ல இருந்து."

R. N. D. பத்து, பத்து, பத்து. இந்தத் தடவை கம்பியில் எண்ணெய் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றது. தெளிவாக, சிவப்பாக. அவர் சீட்டை இறக்கி மூடும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. உமாசுதன்.

"ஐயா, நாலு மணிக்கு வாறன் எண்டு சொன்னனான், வண்டி வீட்டிலதானே நிக்குது?"

"வராதே. விக்கல."

"என்னையா இது, நேத்துத்தானே கதைச்சனாங்கள்..."

"நேத்து பேசினேன். இன்னைக்கு இல்ல." போனை அணைத்தார்.

கவிப்ரியா சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினாள். சட்டென்று எல்லாம் அமைதியாகிவிட்டது.

"விக்கிறேன்னு சொன்னப்பவும் என்னைக் கேக்கல. விக்கலன்னு சொல்றப்பவும் கேக்கல."

தங்கராஜு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அறுபத்தொன்பது வயசில் அவர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. டாக்யார்டில் ஃபோர்மேன் சொல்வான், இவர் செய்வார். வீட்டில் இவர் சொல்வார், மற்றவர்கள் செய்வார்கள். பெண்டாட்டி பத்து வருசத்துக்கு முன்னால் போகிறவரைக்கும் அப்படித்தான். கேட்பது எப்படி என்பதற்கு அவரிடம் வார்த்தை இல்லை. இருக்கிறதை வைத்துக் கேட்டார்.

"சரி. இப்ப கேக்குறேன். விக்கவா, வைக்கவா?"

அவள் ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவினாள். டாக்ஸியின் கீழே இர்ஃபான் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"டிசம்பர் வரைக்கும் ஓட்டுறேன்" என்றாள். "இப்பத்தான் வண்டி ஓடுது. அது எப்படி ஓடும்னே எனக்குத் தெரியாது. டிசம்பர்ல சொல்றேன்."

"பாப்பா?"

"அதையும் டிசம்பர்ல சொல்றேன்."

"சரி."

"சரின்னு சொல்லாதீங்க மாமா. நீங்க சரின்னு சொன்னாலே பயமா இருக்கு."

"வேற என்ன சொல்ல?"

"எதையாவது சொல்லுங்க. திட்டுங்க. சும்மா இருக்காதீங்க."

இர்ஃபான் வந்தான். நீல டார்ச்சை வைத்து அடியில் ஒரு தடவை பார்த்தான். எங்கேயும் பச்சை இல்லை. "ஒரு மேட்டுல ஏத்திப் பார்த்துட்டு வீட்டுக்குப் போங்க. மண்டாய் ரோடு..." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஷங்கரை எரித்த அன்றைக்கு அவனும் அங்கே நின்றவன். "இல்ல, வேற ரோடு கூடப் போகலாம்."

"பரவால்ல அண்ணே" என்றாள் கவிப்ரியா. "வீட்டுக்கு அதுதான் வழி."

தங்கராஜு ஏறிப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். மருமகள் ஓட்டி அவர் உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை. லாரி பட்டறை வாசலைத் தாண்டி, மரத்தூள் வாடை அடிக்கிற தெருவைத் தாண்டி, பெரிய ரோட்டில் ஏறியது. மழை நின்ற தார் ரோடு பளபளத்தது. இரண்டு பக்கமும் காடு ஈரமாக நின்றது.

மேடு வந்தது. மேட்டின் மேலே, அந்த இடத்துக்குத் திரும்புகிற கைகாட்டி தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன் கண்ணாடி போட்ட சவ வண்டிக்குப் பின்னால் எல்லோரும் திரும்பிய வளைவு. கவிப்ரியா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கால் மட்டும் தடுமாறியது. அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள். வண்டி முக்கி முக்கி ஏறியது. அவளுடைய கழுத்து நரம்பு புடைத்திருந்ததை அவர் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும். ஆறுதல் என்று ஒன்று உண்டு என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். தேடினார். அகப்படவில்லை.

"என்ன இது, கோழி கிளறுற மாதிரி?" என்றார். "விட்டு விட்டு அமுக்குற. இப்படி ஓட்டினா எந்தக் கியர்பாக்ஸ் தாங்கும்? காலை ஒரே மாதிரி அமுக்கு."

அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். வளைவு பக்கத்தில் வந்து, பின்னால் போயிற்று.

"நீங்க ஆட்டோ வண்டி ஒரு நாளாவது ஓட்டியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப வாயை மூடிக்கிட்டு வாங்க, மாமா."

லாரி ஒரே இழுப்பில் மேட்டை ஏறியது. தங்கராஜு வாயை மூடிக்கொண்டு வந்தார்.